பாதியில் நிற்கும் வீடு: கான்ட்ராக்டர் மேல் எங்கே வழக்குப் போடுவது, அதுவரை வேலையைத் தொடரலாமா?

செவிலி_ஒட்டன்சத்திரம்
6 ஜூலை 2025

எல்லோருக்கும் வணக்கம். நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர். கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். மாமனார் கொடுத்த நாலு சென்ட் இடத்தில் வீடு கட்டுகிறோம். தரைத்தளம் மட்டும், 1,180 சதுர அடி. கான்ட்ராக்டர் பொள்ளாச்சிக்காரர். மெட்டீரியலோடு சதுர அடிக்கு 2,300 ரூபாய் பேசி, மொத்தம் 27,14,000 என்று 2024 ஜூனில் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். பத்திர ஆபீசில் பதியவில்லை. ஒன்பது மாதத்தில் சாவி தருவதாகப் பேச்சு.

பணம் கொடுக்க வேண்டிய கணக்கு இப்படி: அட்வான்ஸ் 2 லட்சம், பேஸ்மென்ட் முடிந்தால் 5, லிண்டல் மட்டம் வந்தால் 5, ரூஃப் கான்க்ரீட் போட்டதும் 6, பூச்சு முடிந்தால் 5, மிச்சம் 4,14,000 சாவி வாங்கும்போது. ரூஃப் வரை 18 லட்சம் கொடுத்தாயிற்று. ஜனவரியில் வந்து, டைல்ஸுக்கும் கதவு நிலைக்கும் முன்பணம் கட்ட வேண்டும், பூச்சுப் பணத்தில் 3 லட்சம் இப்போதே கொடுங்கள் என்றார். கொடுத்தோம். ஆக 21 லட்சம். அதில் 17 வங்கி வழியாகப் போனது, 4 லட்சம் ரொக்கம். ரொக்கத்துக்கு ஒரு நோட்டில் தேதி போட்டு அவர் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறேன்.

பிப்ரவரியோடு ஆள் வரத்தே நின்றுவிட்டது. டைல்ஸும் வரவில்லை, நிலையும் வரவில்லை. போன் பண்ணினால் கம்பி விலை, எம் சாண்ட் விலை எல்லாம் ஏறிவிட்டது, சதுர அடிக்கு 2,600 கொடுத்தால்தான் கட்டுப்படியாகும் என்கிறார். விலை ஏறினால் கூடுதல் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி கூடக் கிடையாது. தாமதமானால் வாரத்துக்கு 5,000 ரூபாய் அவர் தர வேண்டும் என்று இருக்கிறது. தகராறு வந்தால் கான்ட்ராக்டர் சொல்லும் மத்தியஸ்தர் முடிவு செய்வார் என்றும் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி.

மே மாதம் கோடை மழையில் ஹால் சீலிங் நடுவில் ஈரம் கோத்துவிட்டது. டைனிங் பீமின் அடியில் ஜல்லி ஜல்லியாகப் பொக்கைகள். ஓரிடத்தில் கம்பியே தெரிகிறது, விரலை வைத்தால் துரு ஒட்டுகிறது.

எங்கள் ஊர் மேஸ்திரி ஒருவர் 11 லட்சத்தில் முடித்துத் தருகிறேன், பீமையும் கலவை வைத்து அடைத்துப் பூசிவிடலாம், ஆடி கழிந்ததும் தொடங்கலாம் என்கிறார். நாங்கள் 7,500 ரூபாய் வாடகை வீட்டில் இருந்துகொண்டு வங்கிக் கடனுக்கு வட்டியும் கட்டுகிறோம். கொழுந்தனார், போலீசில் மோசடிப் புகார் கொடுத்தால் தானாக ஓடி வருவான் என்கிறார். நுகர்வோர் கோர்ட்டா, சிவில் கோர்ட்டா? பொள்ளாச்சி போய்த்தான் வழக்குப் போட வேண்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஒன்று விட்டுவிட்டேன். நடுவில் போர்டிகோவைக் கொஞ்சம் பெரிதாக்கச் சொன்னோம், 60 சதுர அடி வரும். அதற்குத் தனியாகப் பணம் பேசவில்லை.

—

வக்கீல்_திண்டுக்கல்
6 ஜூலை 2025

மேடம், வழக்கை விடுங்கள், முதலில் அந்த மேஸ்திரியை நிறுத்தி வையுங்கள். உங்கள் வழக்குக்கு முதல் சாட்சி அந்தப் பூசாத பீமும் பூசாத சுவர்களும்தான். அதன் மேல் கலவை ஏறிவிட்டால், அப்புறம் கான்ட்ராக்டர் கோர்ட்டில் நின்று “நான் ஒழுங்காகத்தான் போட்டேன், பின்னால் வந்தவன் கெடுத்துவிட்டான்” என்பார். நீங்கள் என்ன சொன்னாலும் அது வாய்வார்த்தைதான். பதினைந்து வருடத்துக்கு மேலாக இந்த மாதிரி வழக்குகள் நடத்துகிறேன். கட்சிக்காரர்கள் தோற்பது பெரும்பாலும் சட்டத்தில் இல்லை, எந்த நிலையில் வேலை நின்றது என்று காட்ட முடியாமல்தான்.

எங்கே போடுவது என்றால், உங்களுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையமே போதும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இல் ‘சேவை’ என்பதற்குள் வீடு கட்டுமானத்தைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறார்கள். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். அதனால் திண்டுக்கல் போதும், கோவை மாவட்டத்துக்கு அலைய வேண்டாம். கொடுத்த பணம் 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையத்துக்கே அதிகாரம். நீங்கள் கொடுத்தது 21 லட்சம், அதற்குக் கட்டணம் 1,000 ரூபாய். சிவில் கோர்ட் என்றால் நீங்கள் கேட்கும் தொகையில் 3 சதவீதம் கோர்ட் ஃபீஸ் கட்ட வேண்டும். இப்போது இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம்.

கெடு இரண்டு வருடம். வேலை நின்ற பிப்ரவரியிலிருந்து கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சிவில் கோர்ட்டுக்கு மூன்று வருடம். “இதோ அடுத்த வாரம் ஆள் அனுப்புகிறேன்” என்று அவர் இழுத்துக்கொண்டே போவார். அந்தப் பேச்சு கெடுவை நீட்டாது.

மத்தியஸ்தர் வரி பற்றிப் பயம் வேண்டாம். அப்படி ஒரு வரி இருப்பதாலேயே நுகர்வோர் வழக்குக்குத் தடை இல்லை என்று எம்மார் எம்ஜிஎஃப் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018-இல் சொல்லிவிட்டது. ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) என்று யாராவது சொல்வார்கள். அது மனைபோட்டு, ஃபிளாட் கட்டி விற்கும் புரமோட்டர்களுக்கு. சொந்த இடத்தில் கான்ட்ராக்டர் வைத்துக் கட்டும் உங்களுக்குப் பொருந்தாது.

போலீஸ் புகார் என் கட்சிக்காரர்களுக்கு நான் சொல்லும் வழி இல்லை. ஒப்பந்தத்தை மீறினாலே மோசடி ஆகாது, கையெழுத்துப் போடும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்ததாகக் காட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. உங்களிடம் ரூஃப் வரை வேலை நடந்திருக்கிறது. அதுவே அவருக்குச் சாதகம். மூன்று நாலு மாதம் ஸ்டேஷனுக்கு நடந்து, சிவில் மேட்டர் என்று எழுதி வாங்கிக்கொண்டு திரும்புவதில் என்ன லாபம்?

அடுத்தது தொகை. இதில்தான் ஆட்கள் கோபத்தில் எழுதிக் கெடுத்துக்கொள்கிறார்கள். கொடுத்த 21 லட்சமும் திரும்ப வேண்டும், மன உளைச்சலுக்கு 20 லட்சம் வேண்டும் என்று மனுப் போட்டால் ஆணையம் உங்கள் மற்றக் கணக்கையும் சந்தேகத்தோடு பார்க்கும். ஒப்பந்தச் சட்டம் 73-வது பிரிவின்படி, ஒப்பந்தம் ஒழுங்காக நடந்திருந்தால் நீங்கள் எந்த நிலையில் இருப்பீர்களோ அந்த நிலைக்குக் கொண்டுவரத்தான் இழப்பீடு. உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஒப்பந்தப்படி இன்னும் நீங்கள் தர வேண்டியது 6,14,000. வேறு ஆளை வைத்து முடிக்க ஆவது 11 லட்சம். வித்தியாசம் 4,86,000. இதுதான் உங்கள் வழக்கின் முதுகெலும்பு. இதோடு பீமைச் சரிசெய்யும் செலவு, சாவி தர வேண்டிய தேதிக்குப் பிறகு கொடுத்த வாடகை, மன உளைச்சலுக்கு நியாயமான ஒரு தொகை, வழக்குச் செலவு.

வாரத்துக்கு 5,000 என்று எழுதியிருப்பதை முழுசாகக் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். 74-வது பிரிவில் அது உச்சவரம்பு. அதற்குள் நியாயமானது எவ்வளவு என்று ஆணையம்தான் முடிவு செய்யும். வாடகை ரசீது இருந்தால் அதைக் காட்டித்தான் இதைக் கேட்க வேண்டும். ஒரே தாமதத்துக்கு வாடகையும் வேண்டும், வாரம் 5,000-மும் வேண்டும் என்றால் எடுபடாது.

விலை ஏறியது என்ற அவர் வாதம் நிற்காது. விலையேற்றத்தால் ஒப்பந்தம் முறியாது என்பது 1960-இல் வந்த அலோபி பர்ஷாத் தீர்ப்பிலிருந்து நிலைத்துப்போன சட்டம். ஏற்ற இறக்கத்துக்கு வழி வேண்டுமென்றால் கையெழுத்துப் போடும்போதே எழுதியிருக்க வேண்டும்.

—

பழைய_எம்புக்
7 ஜூலை 2025

பொதுப்பணித்துறையில் உதவிப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கோர்ட் நியமிக்கும் அட்வகேட் கமிஷனர்களோடு இதே போன்ற பல வீடுகளுக்கு அளக்கப் போயிருக்கிறேன். வக்கீல் ஐயா சொன்னதற்கு மேல் என் தரப்பு.

அம்மா, முதலில் ஒரு நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஹால் சீலிங்கில் ஈரம் கோத்ததை மட்டும் வைத்து ரூஃப் கெட்டது என்று எழுதாதீர்கள். மேலே தட்டோடு பதிக்கவில்லை, நீர்க்காப்பு எதுவும் போடவில்லை. வெறும் கான்க்ரீட் ஒரு கோடை முழுக்கக் காய்ந்து, அப்புறம் மழையில் நனைந்தால் கொஞ்சம் கசிவது உண்டு. எதிர்த் தரப்பு இன்ஜினியர் இதை முதல் கேள்வியிலேயே பிடித்துக்கொள்வார்.

பீம் வேறு விஷயம். அடியில் ஜல்லி தெரிந்து, கம்பியும் வெளியே வந்திருக்கிறதென்றால் வைப்ரேட்டர் ஓடவில்லை, அல்லது கவர் கட்டை வைக்காமல் கம்பியைச் சென்ட்ரிங் ஷீட் மேலேயே படுக்க வைத்துவிட்டார்கள். பீமுக்கு வழக்கமாக 25 மில்லிமீட்டர் கவர் (கம்பியை மூடி நிற்கும் கான்க்ரீட்) விடுவோம். உங்களுக்கு அந்த இடத்தில் கவரே இல்லை. டைனிங் பீம் மேல் ரூஃப் எடை உட்கார்ந்திருக்கிறது. இதைச் சிமென்ட் பால் தடவி மூடினால் உள்ளே துரு ஓடிக்கொண்டே இருக்கும், சில வருடத்தில் பூச்சைத் தள்ளிக்கொண்டு வெடிக்கும். மேஸ்திரி சொன்னதைத் தயவுசெய்து செய்ய விடாதீர்கள். உங்கள் பிள்ளைகள் அதன் கீழ் உட்கார்ந்துதான் சாப்பிடப் போகிறார்கள்.

டெஸ்ட் எடுங்கள். அரசு பொறியியல் கல்லூரி சிவில் துறையில் கட்டணம் கட்டினால் ஆள் வந்து ரீபவுண்ட் ஹேமர், அல்ட்ராசோனிக் இரண்டும் பார்ப்பார்கள். ஹேமர் மேல்தோலின் கடினத்தைத்தான் காட்டும். உள்ளே பொக்கை இருக்கிறதா என்பதை அல்ட்ராசோனிக் காட்டும். அதனால் ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு வராதீர்கள். சந்தேகம் தீராவிட்டால் கோர் (கான்க்ரீட்டிலிருந்து உருளையாக ஒரு துண்டு) வெட்டி எடுத்து வலிமை பார்ப்பார்கள். ஒப்பந்தத்தில் எம்20 கான்க்ரீட், அதாவது வலிமை 20, என்று எழுதியிருந்தால், கோர்களின் சராசரி 17-க்குக் குறையக் கூடாது, எந்த ஒரு கோரும் 15-க்குக் கீழே போகக் கூடாது (சதுர மில்லிமீட்டருக்கு நியூட்டன் கணக்கில்). கான்க்ரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456 சொல்லும் 85 சதவீதம், 75 சதவீதம் அதுதான். தனியார் இன்ஜினியர் கடிதத்தை விட கல்லூரி முத்திரை போட்ட அறிக்கைக்கு ஆணையத்தில் எடை அதிகம்.

அளப்பது எப்படி என்பதும் முக்கியம். ‘65 சதவீதம் வேலை முடிந்தது’ என்று எழுதும் அறிக்கை எதற்கும் உதவாது. நாங்கள் எம்-புக் (அளவுப் புத்தகம்) எழுதுவது போல, செங்கல் கட்டு எத்தனை கன அடி, ரூஃப் எத்தனை சதுர அடி எவ்வளவு கனம், எலக்ட்ரிக் பைப் எத்தனை அடி ஓடியிருக்கிறது, சம்ப் எவ்வளவு ஆழம் என்று வேலை வேலையாக அளந்து, அதற்கு விலை போட வேண்டும். போட்டோவில் டேப் வைத்து, எந்த அறை, எந்தச் சுவர் என்று சாக்பீஸில் எழுதி எடுங்கள். அஸ்திவாரம் மண்ணுக்குள் போய்விட்டது, அதற்குக் கட்டும்போது எடுத்த போட்டோக்கள் போனில் இருந்தால் அழிக்காமல் வைத்திருங்கள். வாட்ஸ்அப் மெசேஜ், போட்டோ எல்லாவற்றுக்கும் இப்போது புதிய சாட்சியச் சட்டம் 63-வது பிரிவின் சான்றிதழ் வேண்டும், அதை வக்கீல் எழுதித் தருவார்.

இன்னொன்றைச் சொல்கிறேன், பலர் இதில் மாட்டிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். வங்கிக் கடன் தவணை வாங்க வங்கி இன்ஜினியர் ஒரு ஸ்டேஜ் அறிக்கை கொடுத்திருப்பார். பணம் சீக்கிரம் வரட்டும் என்று அதில் வேலையைக் கொஞ்சம் தாராளமாக எழுதியிருப்பார்கள். கான்ட்ராக்டர் அந்தக் காகிதத்தைத்தான் தேடி எடுத்து வைப்பார். வங்கியில் நகல் வாங்கி, வழக்குப் போடும் முன் வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.

—

கரூர்_கட்டுமானம்
7 ஜூலை 2025

நானும் சின்ன கான்ட்ராக்டர்தான் அக்கா. பூச்சுப் பணத்தை முன்னாடியே வாங்கிக்கொண்டு கரண்டியே வைக்காமல் போனது பெரிய தப்பு. அந்த 3 லட்சம் வேறு சைட்டில் ரூஃப் போடப் போயிருக்கும். எங்கள் தொழிலில் ஒரு வீட்டுப் பணத்தை இன்னொரு வீட்டில் போட்டு ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள், அவர்களால் எல்லோருக்கும் கெட்ட பேர்.

ஆனால் போர்டிகோவை விட்டுவிடாதீர்கள். 60 சதுர அடி நீங்கள் கேட்டு அவர் போட்டுக் கொடுத்திருக்கிறார். எழுத்தில் இல்லாவிட்டாலும் அதற்குப் பணம் கேட்க அவருக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஒப்பந்தத்தில் போர்டிகோவுக்கு முழு ரேட்டா பாதி ரேட்டா என்று பாருங்கள். எங்கள் பக்கம் பாதிதான் போடுவோம். பாதி என்றால் 69,000 ரூபாய். அதை நீங்களே கழித்து எழுதிவிட்டால் அவர் எதிர்வாதத்தில் பாதி போய்விடும். அவர் வாயால் சொல்லவிட்டால் 69,000-ஐ மூன்று லட்சமாகச் சொல்வார்.

சைட்டில் அவர் சாமான் இருக்கிறதா? சென்ட்ரிங் ஷீட், முட்டு, மிக்சர் மெஷின் எதுவாக இருந்தாலும் தொடாதீர்கள். எடுத்து விற்றீர்களானால் நாளைக்குத் திருட்டுப் புகார் உங்கள் மேல் வரும். அக்கம்பக்கத்தில் இரண்டு பேரைச் சாட்சி வைத்து லிஸ்ட் எழுதி, வந்து எடுத்துக்கொள்ளும்படி நோட்டீஸிலேயே சொல்லிவிடுங்கள்.

—

செவிலி_ஒட்டன்சத்திரம்
9 ஜூலை 2025

மூன்று பேருக்கும் மிகவும் நன்றி. முட்டுக் கம்புகளும் ஷீட்டும் பின்பக்கம் கிடக்கின்றன, தொடவில்லை. பேங்க் அறிக்கை நகல் வாங்கினேன். பழைய எம்புக் ஐயா சொன்னது போலவே ‘பூச்சு வேலை நடைபெறுகிறது’ என்று எழுதியிருக்கிறது. ஒரு சுவரில் கூடப் பூச்சு இல்லை.

இன்னும் சில சந்தேகம். ரொக்கம் 4 லட்சத்தை அவர் மறுத்தால்? மார்ச்சில் சாவி தரவில்லை, அப்புறமும் நாங்கள் ‘சீக்கிரம் வந்து முடித்துக் கொடுங்கள்’ என்றுதான் மெசேஜ் போட்டிருக்கிறோம். அது எங்களுக்கு எதிராகப் போகுமா? வழக்கு முடியும் வரை வீட்டை இப்படியே போட்டு வைக்க வேண்டுமா? அதுதான் எங்களால் முடியாது.

—

வக்கீல்_திண்டுக்கல்
9 ஜூலை 2025

ரொக்கத்துக்குக் கையெழுத்துள்ள நோட்டு நல்ல ஆதாரம். அந்தந்தத் தேதியை ஒட்டி வங்கியிலிருந்து பணம் எடுத்த பதிவு, நகை அடகு வைத்த சீட்டு ஏதாவது இருந்தால் சேர்த்து வையுங்கள். நோட்டின் அசலைக் கையில் வைத்துக்கொண்டு நகல் மட்டும் தாக்கல் செய்யுங்கள்.

மெசேஜ் பற்றிக் கேட்டது சரியான கேள்வி. ஒப்பந்தச் சட்டம் 55-வது பிரிவின்படி, தேதி தவறிய பிறகு வேலையை ஏற்றுக்கொள்ளும் ஆள், தாமதத்துக்கு இழப்பீடு கேட்பேன் என்று ஏற்றுக்கொள்ளும்போதே சொல்லியிருக்க வேண்டும். உங்கள் விஷயத்தில் அவர் மார்ச்சுக்குப் பிறகு வேலையே செய்யவில்லை, நீங்கள் எதையும் ஏற்றுக்கொள்ளவில்லை. அதனால் பாதகம் இல்லை. ஆனால் இனி அவருக்குப் போனிலோ வாட்ஸ்அப்பிலோ கெஞ்சி ஒரு வரி கூட அனுப்ப வேண்டாம். எல்லாம் நோட்டீஸ் வழியாக.

நோட்டீஸில் பதினைந்து நாள் கொடுங்கள். அதற்குள் வந்து பீமைச் சரிசெய்து பழைய விலைக்கே வேலையைத் தொடர வேண்டும், இல்லையென்றால் ஒப்பந்தம் முறிந்ததாக வைத்து அவர் செலவிலும் பொறுப்பிலும் வேறு ஆளை வைத்து முடிப்போம் என்று எழுத வேண்டும். அளக்கப் போகும் நாளையும் குறிப்பிட்டு, வந்து உடன் இருந்து பார்க்கலாம் என்று அழைக்க வேண்டும். அவர் வரமாட்டார். பரவாயில்லை. அழைத்தோம் என்பது பதிவில் இருக்க வேண்டும். வீட்டு முகவரிக்கும் ஆபீஸ் முகவரிக்கும் ஒப்புகையுடன் தபாலில் போகட்டும்.

வீட்டை வழக்கு முடியும் வரை போட்டு வைக்க வேண்டியதில்லை, போட்டு வைக்கவும் கூடாது. இழப்பைக் குறைக்க உங்களால் செய்ய முடிந்ததைச் செய்தீர்களா என்பதையும் 73-வது பிரிவு பார்க்கச் சொல்கிறது. மூன்று வருடம் காலியாக வைத்துவிட்டு மூன்று வருட வாடகை கேட்க முடியாது. அதனால் புகார் மனுவோடு சேர்த்தே, கட்டடத்தைப் பார்த்து அறிக்கை தர அட்வகேட் கமிஷனரையும் ஒரு இன்ஜினியரையும் நியமிக்கக் கேட்டு இடைக்கால மனு போடுங்கள். வேலையைத் தொடர வேண்டிய அவசரத்தை, வாடகை, வங்கி வட்டி விவரத்தோடு அதில் எழுதுங்கள். கமிஷனர் வந்து அளந்து படம் எடுத்துப்போன பிறகு மேஸ்திரி தொடங்கலாம். செலவு செய்யும் ஒவ்வொரு ரூபாய்க்கும் பில். 11 லட்சம் என்ற அவர் எஸ்டிமேட்டையும் கையெழுத்தோடு வாங்கிவிடுங்கள்.

எதிர்த் தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்து 30 நாளில் பதில் போட வேண்டும், அதிகபட்சம் இன்னும் 15 நாள் கிடைக்கும். அதற்கு மேல் ஆணையத்தால் நீட்டிக்க முடியாது என்று அரசியல் சாசன அமர்வு 2020-இல் சொல்லிவிட்டது. அந்த 45 நாளைக் கவனித்துக்கொண்டே இருங்கள். டெஸ்ட் தேவைப்படும் வழக்கை ஐந்து மாதத்தில் முடிக்கச் சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதற்கு மேலும் இழுக்கும், மனதைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். தீர்ப்பு வந்தும் அவர் பணம் கட்டாவிட்டால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 72-வது பிரிவில் தண்டனை நடவடிக்கை கேட்கலாம். ஒரு மாதத்திலிருந்து மூன்று வருடம் வரை சிறை, குறைந்தது 25,000 அபராதம், அல்லது இரண்டும். பணம் வசூலாவது பெரும்பாலும் அந்தக் கட்டத்தில்தான்.

—

செவிலி_ஒட்டன்சத்திரம்
10 ஜூலை 2025

நோட்டீஸ் இந்த வாரமே போகிறது சார். கமிஷனர் வருவதற்குள் சமையலறைப் பக்கம் மட்டும் பூச்சைத் தொடங்கலாமா என்று மேஸ்திரி கேட்கிறார். அங்கே பீம் எதுவும் இல்லை.

—

பழைய_எம்புக்
10 ஜூலை 2025

வேண்டாம் அம்மா. சமையலறைச் சுவரின் செங்கல் கட்டும் அளவில் வரும், லாஃப்டும் வரும். எலக்ட்ரிக் பைப் எவ்வளவு போட்டார் என்பதும் பூச்சுக்கு முன்னால்தான் எண்ண முடியும். அதுவரை மேஸ்திரிக்கு வேலை வேண்டுமென்றால் காம்பவுண்டுக்குக் கடைக்கால் தோண்டச் சொல்லுங்கள், அது பழைய ஒப்பந்தத்தில் இல்லாத வேலையாக இருந்தால். டைனிங் பீமுக்குக் கீழே இரண்டு ஜாக்கி முட்டு மட்டும் இன்றைக்கே கொடுத்து வையுங்கள். பின்பக்கம் கிடப்பதை எடுக்காமல் வாடகைக்கு வாங்கி, அந்த ரசீதையும் வைத்துக்கொள்ளுங்கள்.